பதினோராவது பாட்டுக்குப் பிறகு

அட்டைப்படத்தில் ஐந்து பேர்.
ஒருவனுக்கு ஊதா முடி.
ஒருவன் தோளில் காக்கை இறகு.
நடுவில் நிற்பவன் உதட்டில்
வாவுபலிக் கடை வளையலின் சிவப்பு.
எல்லாரும் ஆண்கள்தான் என்று
பிரில்லியன் சத்தியம் செய்தான்.

இரண்டாயிரத்து மூன்று.
தக்கலை, வாடகை அறையின் மொட்டைமாடி.
நாங்கள் நாலு பேர் ஒரு பேண்டு.
குளச்சல் கப்பல்காரர் யோகோஹாமாவில் வாங்கியதை
நூற்றைம்பது ரூபாய்க்கும் ஒரு கைக்கடிகாரத்துக்கும்
மாற்றிக்கொண்டு வந்திருந்தான்.
பேர் வாசிக்க எங்களில் யாருக்கும் தெரியாது.
முதுகில் சுற்றிய காகிதப் பட்டையில்
மழைக்கு முந்தைய எறும்புகளாய் எழுத்து.

முதல் பாட்டு ஒரு நிமிடம் ஓடியது.
பியானோ. பிறகு வயலின் மாதிரி ஏதோ.
"கல்யாண வீட்டுல சாம்பார் ஊத்தும்போ போடலாம்லே"
என்றது நான்தான்.
தொண்டை கிழியாத எதுவும்
எனக்கு அப்போது பாட்டில்லை.
சஜின் டிரம் குச்சியால் என் முதுகில் தட்டிச் சிரித்தான்.
பிரில்லியனும் சிரித்தான், கொஞ்சம் பிந்தி.

அந்த வருஷக் கல்லூரி விழாவுக்கு
அவன் கண்ணுக்கு மை இட்டு வந்தான்.
தங்கச்சியின் மை.
கீழிமையில் மட்டும், மெலிதாக.
மூன்றாம் வரிசையில் தொடங்கிய கூவல்
கடைசி வரிசைக்குப் போய்த் திரும்பி வந்தது.
நான் குனிந்து
பேஸ் கிதாரின் வயரைச் சரிசெய்தேன்,
சரியாகவே இருந்த வயரை.

இன்சூரன்ஸ் கடலாசு தேடி அலமாரியைக் கவிழ்த்ததில்
நேற்றுக் கிடைத்தது சிடி.
காகிதப் பட்டை அப்படியே இருக்கிறது.
ஆம்னியில் பழைய செட்டு. தட்டினால் ஓடும்.

பின்னால் இருநூறு கிலோ ரப்பர் ஷீட்,
அதன் புகையும் புளிப்பும்.
பள்ளியாடி கேட் அடைத்துவிட்டார்கள்.
ஆனி மழை கண்ணாடியில் கைவைத்து நிற்கிறது.

மூன்றாவது பாட்டில்
கிதார் பாடுகிறவனை முந்திக்கொண்டு போய்
வளைவில் நின்று அவனைத் திரும்பிப் பார்க்கிறது.
ஐந்தாவதில் பேஸ்காரன், அந்த இறகுக்காரனோ என்னவோ,
எல்லாருக்கும் அடியில்
தனக்கென்று ஒரு பாட்டை நடத்திக்கொண்டிருக்கிறான்.
பேஸ் வாசித்த எனக்கு
இது காதில் விழ இத்தனை வருஷம்.
வலது கையின் இரண்டு விரல்கள்
ஸ்டியரிங்கில் அவனைத் தேடுகின்றன. தப்புத்தப்பாக.

பதினொன்றும் முடிந்தது.
ரயில் போயிற்று. கேட் திறக்கவில்லை,
எதிரில் இன்னொன்று வருகிறதாம்.
செட்டை அணைக்க மறந்திருந்தேன்.
நாலு நிமிடம் ஒன்றுமில்லை, வைப்பர் மட்டும்.
பிறகு
யாரோ இருமுகிறார்கள்.
நாற்காலி ஒன்று முனகுகிறது.
ஒற்றைக் கிதார். அவன் குரல், மேக்கப் இல்லாமல்.
அட்டையின் பின்புறம் பதினோரு வரிதான்.
இது பன்னிரண்டாவது.

தோகாவுக்குக் கூப்பிட்டேன்.
கிரேனில் இருந்தான். ஹலோகூடச் சொல்லவில்லை,
"என்ன மக்கா, யாரு போயாச்சு?" என்றான்.
சொன்னேன்.
"அதா? நான் அத முழுசாக் கேட்டதே இல்லலே.
எனக்கும் பிடிக்கல்ல.
அட்டைக்காகத்தான் வாங்குனேன்."
கொஞ்சம் நேரம் காற்று.
"எங்க, போடு பாப்போம்."
போனை ஸ்பீக்கர் பக்கம் பிடித்தேன்.
"மழதான் கேக்குது" என்றான்.
வைக்கவில்லை.

கேட் திறந்தது. பின்னால் ஹாரன்கள்.
மார்த்தாண்டத்தில் கடைக்காரர்
ஷீட்டில் ஈரம் என்று கிலோவுக்கு இரண்டு ரூபாய் பிடித்தார்.
ஏன் இவ்வளவு நேரம் என்றும் கேட்டார்.
கேட்டில் கிடந்தேன் என்றேன்.