மூண்டுக்குக் கீழ

பாசிக்குடாத் தண்ணிப் பூங்காவின்
வாசல் பலகையில் எழுதியிருக்கு:
பெரியவர் இரண்டாயிரத்து ஐந்நூறு.
சிறுவர் ஆயிரத்து ஐந்நூறு.
மூன்று வயதுக்குக் கீழ் இலவசம்.

அந்தக் கடைசி வரிக்காகத்தான்
தவரூபன் லீவை முன்னுக்கு இழுத்தவர்.
சீமெந்துக் கடை முதலாளியிட்டக் கெஞ்சி
களுவாஞ்சிகுடியில இருந்து ரெண்டு பஸ் மாறி
ஆகஸ்ட் பன்னிரண்டுக்கே வந்து சேர்ந்தம்.
விடிஞ்சாப் பதின்மூண்டு.
விடிஞ்சா இவளுக்கு மூண்டு.
இண்டைக்குச் சறுக்கு, நாளைக்குக் கடல்,
கடல்ல வயசு கேக்க ஆளில்ல எண்டு
அவர் பஸ்ஸுக்குள்ள கணக்கை விளங்கப்படுத்தேக்க
நான் யன்னலால கிரான் வயலைப்
பாத்துக்கொண்டிருந்தன்.

எனக்கொரு கணக்கு இருக்கு.
பெரியாஸ்பத்திரிச் சுவர் மணிக்கூட்டைப் பாத்து
பன்னிரண்டு நாலு எண்டு மிட்வைவ் எழுதினா.
வண்டில் தள்ளின அக்கா
என்ட காதுக்குள்ள சொன்னா:
"அது பத்து நிமிசம் முந்தி ஓடுற மணிக்கூடு புள்ள,
ஆரும் திருத்துறல்ல."

அப்ப அவள் பன்னிரண்டாம் திகதிப் பிள்ளை.
கடதாசிக்கு ஒரு நாள்,
என்ட இடுப்புக்கு இன்னொரு நாள்.
ஆருக்கும் சொல்லல்ல.
சொல்லி என்ன, நட்சத்திரம் மாறல்ல.
இண்டைக்குத்தான் அதுக்கு
ஒரு விலை வந்திருக்கு.

கவுண்டருக்குள்ள ஒரு பொடியன்.
றிப்னாஸ் எண்டு சட்டையில குத்தியிருக்கு.
"மகளுக்கு எத்தின வயசு?"

தவரூபன் வாய் திறக்க முதல்
கவிஷ்னா கையை நீட்டிட்டாள்.
ஒரு மாசமாப் பழக்கினது நான்தான்.
சின்னி விரலைப் பெருவிரலால அமத்தி
மற்ற மூண்டையும் நிமித்திப் பிடிக்க
என்ன பாடுபட்டாள்!
ஒவ்வொரு நாளும் ஒண்டு சரியும்.
இண்டைக்கு, இந்த வாசல்ல,
மூண்டும் தென்னம்பிள்ளை போல நிண்டுது.

தவரூபன் சிரிச்சு மழுப்பினார்.
நனையாம ரெண்டு ஷொப்பிங் பையில சுத்தின
கிளினிக் கொப்பியை எடுத்து விரிச்சார்.
பொடியன் கொப்பியைப் பாத்தான்,
விரலைப் பாத்தான்,
திரும்பக் கொப்பியைப் பாத்தான்.
"நாளைக்குத்தானே. போங்க."
எங்கட ரெண்டு பேர்ட மணிக்கட்டிலயும்
மஞ்சள் பட்டி ஒட்டினான்.

அவள் நீட்டின கையை மடக்கல்ல.
"எனக்கு?"
"இலவசத்துக்குப் பட்டி இல்ல மகள்."

இலவசம் அவளுக்கு விளங்கல்ல.
வரிசையில நிக்கிற பிள்ளையளுக்கெல்லாம் மஞ்சள் இருக்கு,
தனக்கு இல்ல,
இதுதான் விளங்கினது.
நிலத்தில மல்லாந்து கிடந்து
அவள் கத்தின கத்தலுக்கு
ஐஸ்பழக்காரன் மணியடிக்கிறதை நிப்பாட்டினான்.
என்ட பட்டியைக் கழட்டப் பாத்தன்.
கழட்டினால் செல்லாது எண்டு
அதிலயே அச்சடிச்சிருக்கு.

தவரூபன் கொஞ்ச நேரம்
பலகையையே பாத்துக்கொண்டு நிண்டார்.
மறுகா பேர்ஸைத் திறந்து
ஆயிரமும் ஐந்நூறும் வைச்சார்.
"போடுங்க தம்பி.
ஒரு நாள் முந்தி மூண்டாகட்டும்."

முந்தி இல்ல, தவரூபன்.
சரியான நாளுக்குத்தான் கட்டுறீங்க.
சொல்ல வாயெடுத்தன்,
ஆனா அழுகை நிண்டிருந்தது,
அந்த நேரத்தில கதைக்கிறது புத்தியில்ல.

பெரிய சறுக்குக்கு உயரம் காணாதாம்.
சின்னச் சறுக்கில ஒருக்கா இறங்கினாள்,
மூக்குக்குள்ள தண்ணி போய்ட்டு,
அதோட அது முடிஞ்சுது.
மிச்ச நாள் முழுக்கக்
கணுக்கால் தண்ணிக்குள்ள குந்தியிருந்து
கடதாசிக் கோப்பையால அள்ளி
அந்தத் தண்ணிக்கே ஊத்தினாள்.
போற வாற எல்லாருக்கும்
பட்டியைத் தூக்கிக் காட்டினாள்.
ஒரு வெள்ளைக்காரர் தன்ட பட்டியைக் காட்டினார்.
ரெண்டு பேரும் தலையாட்டிக்கொண்டாங்க,
ஒரே கந்தோர் ஆக்கள் போல.

இரவு, வாடகை அறை.
பேன் கிறீச்சிடுது.
பதினொண்டு ஐம்பத்திநாலு எண்டு போன் காட்டுது.
மணல் ஒட்டின மஞ்சள் பட்டியோட
அவள் குப்புறக் கிடக்கிறாள்,
விரல் அஞ்சும் விரிஞ்சு.
குனிஞ்சு உச்சியில கொஞ்சினன்.
குளோரின் மணம்.

தவரூபன்ட அலாரம் பன்னிரண்டு நாலுக்கு.
இன்னும் பத்து நிமிசம் கிடக்கு.