கொடி எண் நான்கு

மிந்தெலோவில் இன்றும் தூசி.
சகாரா மணல் கடல்தாண்டி வந்து
என் விசைப்பலகையில் இறங்கியிருக்கிறது.
எதிரே மோந்தே காராவின் மூக்கு மட்டும் தெரிகிறது.
மீதி முகத்தை யாரோ ரப்பரால் தேய்த்துவிட்டார்கள்.

நான் இவனில்டா. கடலுக்குப் பிழை திருத்துபவள்.
சிரிக்காதீர்கள். சம்பளச் சீட்டில் வேறு பெயர்தான்.

பத்து நாளுக்கொருமுறை
இரண்டாயிரம் மீட்டர் இருட்டிலிருந்து
ஒரு மிதவை மேலே வரும்.
செயற்கைக்கோளிடம் சற்று நேரம் பேசும்.
மறுபடி மூழ்கும்.
பேசியது என்னிடம் எண்களாய் வந்து சேரும்:
ஆழம், வெப்பம், உப்பு, ஆக்சிஜன்.
ஒவ்வொன்றின் பக்கத்திலும் ஒரு கொடி நடவேண்டும்.
ஒன்று என்றால் நம்பலாம்.
நான்கு என்றால் பொய்.
ஒன்பது என்றால் அங்கே எதுவும் பதிவாகவில்லை.

எதுவும் இல்லை என்பதற்கும் ஓர் எண் உண்டு எங்களிடம்:
கழித்தல் குறி, பிறகு ஐந்து ஒன்பதுகள்.
ஒரு மாணவன் அதையும் சேர்த்துச் சராசரி போட்டான்.
இயற்பியல் அனுமதிக்காத குளிருக்குப் போனது
அட்லாண்டிக்.
அந்த வரைபடம் காப்பி மெஷினுக்கு மேலே
இன்னும் ஒட்டியிருக்கிறது.

இப்போதெல்லாம் கொடிகளை நான் நடுவதில்லை.
கீலில் இருக்கும் ஹென்னிங் எழுதிய நிரல்
நான் தூங்கும்போது நட்டுவிடுகிறது.
காலையில் என் பெயரில் ஒப்பம் மட்டும்.
அதன் எழுபதாவது வரி சொல்கிறது:
இந்தக் கடலில் ஆக்சிஜன்
நாற்பதுக்குக் கீழே போகாது.
போனால், நான்கு.

செவ்வாய்க்கிழமை
எண்பது மீட்டரில் இரண்டு.
எண்பத்தைந்தில் ஒன்று.
தொண்ணூறில் பூஜ்யத்தைத் தொட்டும் தொடாமலும்.
எல்லாவற்றின் தலையிலும் நான்கு, நான்கு, நான்கு.
உணரி கெட்டுவிட்டது என்றது குறிப்பு.
கச்சுபா ஆறிக்கொண்டிருந்தது.
ஒப்பமிட்டிருப்பேன்.

ஆனால் ஞாயிறன்று மீன்சந்தையில்
சலமன்சாவின் ஜெரல்டினோ வெறும் தட்டோடு நின்றான்.
தூண்டில் போட்ட இரை போட்டபடியே திரும்புகிறதாம்.
இருக்கிற மீனெல்லாம்
மேல்தண்ணீரில் ஒட்டிக்கொண்டு நிற்கிறதாம்.
"கடலுக்கு யாரோ தரை போட்டுவிட்டார்கள், இவா."
விலை ஏற்றத்தான் கதை என்று
நான் வேறு தட்டுக்கு நகர்ந்திருந்தேன்.

கரண்டியை வைத்துவிட்டு
கடல்மட்ட வரைபடத்தைத் திறந்தேன்.
வடகிழக்கில் ஒரு சுழி,
குழந்தையின் உச்சந்தலையில் இருப்பதுபோல.
தேதியைப் பின்னுக்கு இழுத்தேன்.
வாரம் வாரமாக அது கிழக்கே நகர்ந்து
மவுரித்தேனியக் கரையோரம் போய்க் கரைந்தது.
முன்னுக்கு விட்டேன்.
பிறந்தது, பச்சை படர்ந்தது,
நாளுக்கு நாலைந்து கிலோமீட்டர்
அவசரமே இல்லாமல் எங்களை நோக்கி வந்தது.
அதன் கண்ணுக்குள்ளேதான்
என் மிதவையின் புள்ளி.
உப்பும் அங்கேயே குறைந்திருந்தது.
வெப்பமும் அங்கேயே வளைந்திருந்தது.
மூன்று உணரிகள்
ஒரே ஆழத்தில் கூடிப் பேசிப் பொய் சொல்லுமா?

நான்கை அழித்தேன்.
ஒன்று போடக் கை வரவில்லை.
இரண்டு போட்டேன். "அநேகமாக உண்மை."

எழுபதாவது வரி தப்பு என்று ஹென்னிங்குக்கு எழுதினேன்.
எத்தனைக்கு மாற்ற என்று உடனே கேட்டான்.
தெரியாது என்று எழுதி, அழித்து,
தெரியாது என்றே அனுப்பினேன்.

மாலையில் ஜெரல்டினோவிடம் கைபேசியை நீட்டினேன்.
கட்டைவிரலால் சுழியைப் பெரிதாக்கினான்,
கட்டம் கட்டமாய் உடையும்வரை.
"இது எப்போது போகும்?"
அதற்கு என்னிடம் வேறொரு கோப்பு,
மூன்று வெவ்வேறு பதில்களோடு.
அவன் சிரிக்கவில்லை.
"உன் எந்திரம் மூழ்குமுன் என்னைக் கேட்டிருக்கலாம்" என்றான்.
அரைக்கிலோ சிறுமீனை
பழைய விலைக்கே தந்தான்.

இரவு பதினொன்று.
மிதவை மறுபடி அடியில்.
இன்னும் ஒன்பது நாள் பேசாது.
பதினோரு வருடக் காப்பகத்தில்
நாற்பதுக்குக் கீழே, கொடி நான்கு என்று தேடச் சொன்னேன்.
நானூற்றுப் பன்னிரண்டு வரிகள்.
ஒவ்வொன்றின் கடைசியிலும் என் பெயர்.

மேசையில் படிந்ததை உள்ளங்கையால் வழித்துவிட்டு
முதல் வரியைத் திறக்கிறேன்.