மருந்து படாத பூச்சி

சென்னை பஸ்
நீடாமங்கலம் ரயில்வே கேட்டில் முக்கால் மணி நேரம் நின்றது.
டிரைவர் சீட்டுக்குப் பின்னால்
ஊசியால் குத்திய மூடியோடு ஒரு பிரியாணி டப்பா.
அதற்குள் நீ.
நெல் ஏற்றிய சரக்கு ரயில் ஆடி அசைந்து போய் முடிந்தது.
"உள்ள என்னம்மா, பல்லியா?" என்றார் கண்டக்டர்.
தாடி ஓணான்.
"தாடி எங்க?"
இனிமேல்தான்.

ஒரு சாண்கூட இல்லை, வாலையும் சேர்த்து.
உன் இனத்துக்குப் பூர்வீகம் பாலை என்கிறார்கள்.
இங்கே ஐப்பசி.
தீப்பெட்டி நமுத்துக் கிடக்கிறது, சுவர் வியர்க்கிறது,
உனக்கோ நாற்பது டிகிரியில் ஒரு மூலை வேண்டும்.
வாடகை வீட்டுக்கு மீட்டர் ஓட ஓட
ஒரு சூரியனைக் கட்டித் தொங்கவிட்டேன்.
மாடிவீட்டு ஜெரினா எட்டிப் பார்த்து
"வேலியில போன ஓணான எடுத்து..." என்று ஆரம்பித்தாள்.
நான் வேட்டி கட்டுவதில்லை என்றேன்.

முதல் நாள் வலது முன்னங்காலைத் தூக்கி
மெல்ல ஒரு வட்டம் போட்டாய்.
வணக்கம் என்று நினைத்து நானும் கையசைத்தேன்.
விற்ற பையன் போனில் சொன்னான்:
அது வணக்கம் இல்லக்கா.
நான் சின்னவன், என்னை ஒண்ணும் செய்யாதேன்னு அர்த்தம்.

கையை மடியில் வைத்துக்கொண்டேன்.

தொடாதீங்க, உத்துப் பாக்காதீங்க, ஒரு வாரம்.
கண்ணாடியில் உன்னையே கண்டு நீ மிரளாதிருக்க
மூன்று பக்கமும் கடை போஸ்டர் ஒட்டினேன்,
இலைச்சுருட்டுப் புழு வெளியே, வெள்ளை உனக்கு.
அப்புறம் சோறு வடிக்கும்போது
எவர்சில்வர் மூடியில் தெரிகிற உன்னை மட்டும் பார்த்தேன்.

முருங்கைக்கீரை மேல் நடந்து போனாய்.
பூசணித் துருவல் மேல் தூங்கினாய்.
மூன்று நாள்.

உன் இரண்டு கண்ணுக்கும் இடையே எவ்வளவு இடமோ
அதைவிடப் பெரிய பூச்சி தரக்கூடாதாம்.
கண்ணாலேயே அளந்தேன்.
ஒரு நெல்மணி.

சுற்றி எங்கும் சம்பாப் பயிர்,
அதில் உனக்கு ஏழு தலைமுறைக்குப் பூச்சி.
ஒன்றைக்கூடத் தர முடியாது.
எந்த வயலுக்கு எந்தத் தேதியில் எது போனது என்று
எனக்குத் தெரியும்.
சபாநடேசன் உரக்கடையில் ஒன்பது வருஷமாய்
பில் போடுகிறவள் நான்தான்.

நாலாம் நாள் பூவனூர் மதிவாணன் வந்தார், அரை லிட்டர் பாட்டிலுக்கு.
அண்ணே, மருந்தடிக்காத இடம் எதாவது இருக்கா?
"கடையில உக்காந்துக்கிட்டு கேக்குற கேள்வியா இது?"
முதலாளி இருமினார்.
மதிவாணன் யோசித்தார்.
"கொல்லையில மாட்டுக்குப் புல்லு போட்டிருக்கேன்.
அதுல மட்டும் அடிக்க மாட்டேன். மாடு திங்குதுல்ல."
பாட்டிலையும் வாங்கிக்கொண்டுதான் போனார்.
நானே பில் போட்டேன்.

சாயங்காலம் ஹார்லிக்ஸ் பாட்டிலும் கொசுவலைத் துண்டுமாக
அவர் வீட்டு மாட்டின் முன்னால் மண்டியிட்டேன்.
அது அசைபோட்டபடி பார்த்தது.
மூன்று வெட்டுக்கிளிக் குஞ்சுகள். பச்சை. நெல்மணி அளவு.

அவற்றையும் நீ பார்க்கவில்லை.

ஐந்தாம் நாள் ராத்திரி மழை. கரண்ட் போனது.
வெந்நீர் பாட்டிலைப் பழைய துப்பட்டாவில் சுற்றி
உன் பெட்டிக்குள் படுக்க வைத்தேன்.
பக்கத்தில் நானும் தரையில்.
இரண்டு மணிக்கு ஒருமுறை, நாலு மணிக்கு ஒருமுறை
இருட்டிலேயே வெந்நீர் மாற்றினேன்.

காலை ஏழேகாலுக்குக் கரண்ட் வந்தது.
கல்லின் மேல் ஏறி விளக்கின் கீழ்ப் படுத்தாய்,
கறுத்துக் கிடந்த முதுகு கொஞ்சம் கொஞ்சமாய்
மணல் நிறமாயிற்று.
மூக்கில் ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டேன். நக்கினாய்.
வெட்டுக்கிளி ஒன்று காலை உதைத்தது.
தலையைச் சாய்த்தாய், ஒற்றைக் கண்ணால்,
பில்லைச் சரிபார்க்கிற மாதிரி.

நாக்கு.
அதை மட்டும்தான் பார்த்தேன்.
பிறகு மெல்லுகிற சத்தம்,
புது ரூபாய் நோட்டை மடிக்கிற மாதிரி.

இரண்டாவதும் போனது.
மூன்றாவது போஸ்டரின் வெள்ளையில் ஏறி உட்கார்ந்தது.
இருக்கட்டும்.
கடைக்கு ஒரு மணி நேரம் தாமதம்.

இன்று ஏழாம் நாள்.
வாடிய பூசணியை எடுக்க மூடியைத் திறந்தேன்.
என் நிழல் உன் மேல் முழுசாய் விழுந்தது.
அப்படியே நின்றேன், எப்போது தூக்குவாய் என்று.

நீ கை தூக்கவில்லை.