நாலு விரல்

உப்பூர் விலக்கில் என் பட்டறைக்கு
கலப்பையைத் தரையில் தேய்த்துக்கொண்டே வந்தது
கூரிச்சாமியின் டிராக்டர்.
"தூக்குது, ஆனா நிக்க மாட்டேங்குது" என்றார்.
லிவரைத் தள்ளினேன்.
ஒன்பது கொழுவும் முக்கி முனகி எழுந்தன.
பீடி பற்றவைப்பதற்குள்
மறுபடி மண்ணைத் தொட்டுவிட்டன.
என்னைவிட இரண்டு வயது மூத்த வண்டி.
அதற்கும் இடுப்பில்தான் கோளாறு.

புழுதி விதைப்புக்கு விதைநெல் கட்டிக்கிடக்கிறது ஊரெங்கும்.
"நாளைக்கே வேணும்."
எல்லாருக்கும் நாளைக்கேதான் வேண்டும்.

அடித்திருகைக் கழற்றினேன்.
கறுப்பாக இறங்க வேண்டிய எண்ணெய்
பால் தூக்கலாகப் போட்ட டீ போல
நுரைத்துக்கொண்டு வந்தது, ஒன்றரை டின்.
"தண்ணி இறங்கியிருக்கு."
"மழைத்தண்ணியா இருக்கும். வெளியேதான கெடக்கு"
என்றார், என்னைப் பார்க்காமல்,
பஞ்சர் டியூப் மிதக்கும் தொட்டியைப் பார்த்து.

மழை பெய்து ஐந்து மாதம்.
விரலில் தொட்டு நாக்கில் வைத்தேன்.
டீசல் கசப்பு. இரும்பு.
தேய்ந்த பல்சக்கரத்தின் புளிப்பு.
எல்லாம் கரைந்த பிறகு, கடைசியாக,
உப்பு.

துப்பிவிட்டு,
"மழைதான்" என்றேன்.

அவர் போன பிறகு முக்காலி நட்டு, செயின் பிளாக் மாட்டி
மேல்மூடியைத் தூக்கினோம் நானும் ஜெய்லானியும்.
அடியில் தொங்கியது சிலிண்டர்,
அறுத்த ஆட்டின் ஈரலைப் போல வழவழத்து.
தொட்டியின் மூலையில் ஒரு கை மணல்.
மணலில் நகக்கண் அளவு சிப்பி.

ஜெய்லானி டீசலில் ஒவ்வொன்றாய்க் கழுவியபடி சொன்னான்:
போன வாரம் மழையில்லாத வெறுங்காற்று அடித்ததே,
அன்றைக்கு ராத்திரி கயிறு அறுத்துக்கொண்டு
பூவலிங்கத்தின் வள்ளம் வெளியே போனதாம்.
முட்டளவுத் தண்ணீரே அரை மைல் ஓடும் கடல் இது.
இருசு முங்க யாரோ வண்டியை இறக்கி
இழுத்துக் கரையில் போட்டிருக்கிறார்கள்.
விடிந்து பார்த்தால் வள்ளம் இருந்தது, டயர்த்தடம் இருந்தது,
ஆள் இல்லை.
பூவலிங்கம் கூரிச்சாமியின் தங்கச்சி மாப்பிள்ளை.
ஒரு பனைவரப்புக்காக
ஒன்பது வருசமாய்த் திருவாடானைக் கோர்ட்டில்
எதிரெதிர் பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறவர்கள்.

"சும்மா கழுவுடா" என்றேன்.

வால்வுத் தண்டு என் சுண்டுவிரல் தண்டி.
அதில் மயிரிழை அளவு துரு.
அவ்வளவுதான். அது வழியாகத்தான்
முந்நூறு கிலோ சொட்டுச் சொட்டாய்
இறங்கிக்கொண்டிருந்திருக்கிறது.
தண்ணீர்க் காகிதம் போட்டுத் தேய்த்தேன், கண்ணை மூடி,
விரல் நுனியால் பார்த்தபடி.
வளையம் வெடித்திருந்தது. ராமநாதபுரம் போய் வர
மூன்றரை மணி நேரம், கடைக்காரன் தந்தது வேறு அளவு,
திரும்பவும் போனேன்.
கேஸ்கட் தாளை மூடியின் விளிம்பில் விரித்து
சுத்தியலால் தட்டித் தட்டி வெட்டினான் ஜெய்லானி.
ஒரு வாசர் மிஞ்சியது. எங்கே விட்டோம் என்று
இன்னும் தெரியாது.

ராத்திரி பத்தரைக்குப் புது எண்ணெய் ஊற்றி முடுக்கினோம்.
இரண்டு தரம் வெட்டியது, காற்றை ஏப்பம் விட்டது,
பிறகு எழுந்தது.
மூன்று சிமெண்ட் மூட்டை ஏற்றி, போதாதென்று
ஜெய்லானியும் ஏறி உட்கார்ந்தான்.
சுவரில் கரிக்கோடு இழுத்துவிட்டுப் படுத்தோம்.

காலையில் நாலு விரல் இறங்கியிருந்தது.
"புதுசுலயே ரெண்டு விரல் இறங்கும்ணே" என்றேன்.
"போதும். உழுறதுக்குத்தானே" என்றார்.
இருநூறு ரூபாய் குறைத்துத் தந்தார்.
பிறகு ஸ்டியரிங்கில் மாட்டியிருந்த பையை அவிழ்த்து
ஜெய்லானி கையில் கொடுத்தார்.
பெரிய ஊளி மீன், கண் இன்னும் மங்காதது.

அவருக்கு வள்ளமும் கிடையாது, வலையும் கிடையாது.
நான் கேட்கவில்லை.
கொழு ஒன்றும் தரை தொடாமல்
கிழக்குக் கடற்கரைச் சாலை ஏறி
வளைவு திரும்பும் வரை
பார்த்துக்கொண்டிருந்தேன்.