நானூறு வரை ஓடலாம்

எண்ணெய் கறுத்தால் மாற்றிடணும் என்பார் போஜன்.
டீசல் எஞ்சினில் ஊற்றிய மறுநாளே கறுக்கும்.
கையேடு சொல்வது இருநூற்றைம்பது மணி.

ஜெனரேட்டர் சூடு ஆறுமுன்
நூறு மில்லி உறிஞ்சி, மூடியை இறுக்கி
கோத்தகிரியில் கோவை பஸ் ஏற்றினேன்.
"யாருக்குச் சர்க்கரை?" என்றார் கண்டக்டர்.

ஒன்பதாம் நாள் தாள் வந்தது.
இரும்பு பதினெட்டு. மண் நான்கு.
காரம் பாதிக்குமேல் மிச்சம்.
நானூறு வரை ஓடலாம்.

போஜன் போய்
புது பேரலைத் தட்டிப் பார்த்தார்.
நிறைந்த சத்தம்.

கடைசி வரியில் மட்டும் ஒரு வட்டம்:
நீர், சிறிதளவு.
ரேடியேட்டர் கசிவில்லை, சோடியமே இல்லை.
தேயிலை ஆலை உறங்கிய இரவுகளில்
எஞ்சினின் மூச்சுக்குழாய் வழியே
இறங்கியிருக்கிறது.

ஈரம் உறிஞ்சும் மூடி ஒன்று கேட்டு
ஸ்டோருக்குச் சீட்டு எழுதினேன்.
காரணம் என்ற கட்டத்தில்
மேகம்
என்று போட்டேன்.