ரீயில் ஒன்று, டீயில் ஒன்று

இரவு பத்தே முக்காலுக்கு எச்சரிக்கை வந்தது.
யூனியன் பிளேஸில் மழை. ஏழாம் மாடியில்
நானும் ரிஸ்மினாவும், பாதி தின்ற கொத்தும்.

ஓட்டை இதுதான்:
பெரிய எழுத்தில் பெயரிட்ட ஓர் உறை,
சிறிய எழுத்தில் அதே பெயரோடு ஒரு கைகாட்டி.
சில கணினிகளுக்கு இரண்டும் ஒன்றுதான்.
உறைக்குள் போவதாய் நினைத்து
கைகாட்டியின் பின்னால் போய்
உள்ளறையில் ஒரு கட்டளையை வைத்துவிட்டு வரும்.
பிறகு அது தானாய் ஓடும்.
எதையும் திறக்க வேண்டாம், அமத்த வேண்டாம்.
முகம் தெரியாத ஒருவனின் களஞ்சியத்தை
நகல் எடுத்தாலே போதும்.

"ஓர் எழுத்தாலயா?" என்றாள் ரிஸ்மினா.
எனக்குச் சிரிப்பு வந்தது.

பிறப்புச் சான்றிதழில் நான் ரீயில் தொடங்குகிறேன்,
அடையாள அட்டையில் டீயில்.
தர்மவதனி ஒருத்திதான் என்று
பத்தரமுல்லையில் இரண்டு நாள் வரிசையில் நின்று
சத்தியக் கடதாசி கொடுத்தவள்.
அதற்கும் முன்னே, தெமட்டகொடைச் சோதனைச் சாவடியில்
அப்பாவின் பெயரிலும் இப்படி ஓர் எழுத்து.
விடியும்வரை வாங்கில் இருந்தார்.
அவர்கள் ஒருவரை இரண்டாக்கினார்கள்.
இது இரண்டை ஒன்றாக்குகிறது.

திருத்தம் பதினொரு வரி.
எழுதியது யாரோ, எந்த ஊரோ.
குறிப்பில் மன்னிப்பும் இல்லை, பெருமையும் இல்லை:
எழுதுமுன் இன்னொருக்கால் பார், அவ்வளவுதான்.

நாற்பத்தொரு சேவையகங்கள்.
ஒவ்வொன்றாய் நிறுத்தி, ஏற்றி, எழுப்பினோம்.
ரிஸ்மினா கொத்துச் சுற்றிய தாளில் கோடு கிழித்தாள்.
நாற்பதில் நின்றது.

மிச்சம் ஒன்று பழைய பதிப்பிலேயே இருந்தது.
எங்கே இருக்கிறது என்று மட்டும் தெரியவில்லை.
வரிக்கு வரி எழுதியவர் பெயர் காட்டும்
கட்டளை ஒன்று உண்டு.
பெயர் வைத்தவன் அதற்குப் பழி என்று வைத்தான்.
அதன் அமைப்புக் கோப்பில் அடித்தேன்.
நதீஷ. நதீஷ. நதீஷ.
பெற்றோல் வரிசைக் காலத்தில் மெல்பேர்ன் போனவன்.
ஒரு வரிக்கு மேலே குறிப்பு: ஹெட்ட கரமு.
நாளைக்குச் செய்வோம்.
திகதி, அவன் பறந்ததற்கு முதல் நாள்.

சாமான் அறையில் கண்டுபிடித்தோம்.
உடைந்த கதிரைகளுக்குக் கீழே,
தூசி அடைத்த விசிறியோடு,
யாரும் கேளாத வேலையைச் செய்துகொண்டு.
முழங்காலில் நின்று திருத்தினேன்.

குறிப்பை அழிக்கவில்லை.
அழித்தாலும் வரலாற்றில் நிற்கும்.
அழித்தவள் பெயரும் சேர்ந்து நிற்கும்,
ரீயிலா டீயிலா என்று
பெட்டி கேட்கும்.

இரண்டரைக்கு ஓட்டோ வந்தது, வெள்ளவத்தைக்கு.
சாரதி போனைப் பார்த்து என் பெயரை
மூன்றாவது விதமாய் வாசித்தார்.
ஓம், நான்தான் என்று
ஏறி இருந்தேன்.