பதினேழாவது கையெழுத்து

முறைப்பாட்டுக் கடிதத்தில்
பதினேழாவது என்னுடையது.
"இரண்டாம் மாடியில் விறகெரிப்பதால்
பிள்ளைகளுக்கு இளைப்பு."
வாசகமும் நான் எழுதிக் கொடுத்ததுதான்.
பொய்யில்லை.
இரவில் மகனின் நெஞ்சு விசிலடிக்கும்.

எனக்கு முந்திக் கையெழுத்திட்டவர் ரொட்றிகோ.
காலையில் பத்து நிமிடம்
டீசல் வானை நின்ற இடத்திலேயே
உறுமவிடுகிறவர்.

சிபானா எரிப்பது
துறைமுகத்தில் கழித்த பலகைகள்.
பாதி அச்செழுத்து, பாதி பச்சைப் பெயின்ட்.
ஆணிகளைக் குறட்டால் கழற்றி
பால்மா டின்னில் போட்டு வைப்பாள்.
முகத்துவாரத்துக் காற்று
அந்தப் புகையை அப்படியே தூக்கி
என் கொடித்துணிக்குள் வைக்கும்.

வெள்ளிக்கிழமை
சோறு அரை வேக்காட்டில் நிற்க
நீலச் சுடர் இரண்டு தரம் விக்கி
அணைந்தது.
சம்பளத்துக்கு இன்னும் ஒன்பது நாள்.

பானையைப் பழந்துணியால் பிடித்து
படியிறங்கினேன்.
அவள் ஒன்றும் கேட்கவில்லை.
தன் கறிச்சட்டியை இறக்கி வைத்தாள்.
"ஊதுங்க" என்று குழலைத் தந்தாள்.

ஊதினேன்.
பெயின்ட் எரிகிற கசப்பு
நாக்கின் அடியில் போய் ஒட்டியது.
தொட்டிலில் அவள் குழந்தை
என் மகனைப் போலவே இருமியது.

கடிதத்தில் அது இல்லை.

ஜன்னலுக்கு நேரே
களஞ்சியத்தின் சாய்கூரை நிறையச்
சூரியத் தகடுகள்.
"அதில ஒரு வயர் இழுத்தா
நம்மட எத்தன வீடு சோறாக்கும்?"
கேட்டுவிட்டு அவளே சிரித்தாள்.
எனக்குக் கணக்குத் தெரியவில்லை.
இன்னொரு பலகையைத் தள்ளினேன் உள்ளே.

வெந்த சோற்றோடு மேலே வந்தபோது
மகன் முகர்ந்து பார்த்துக் கேட்டான்:
"அம்மா, இண்டைக்கு எங்கட வீடா எரியுது?"